நிலைமொழியும் வருமொழியும்: ஓசூர் எல்லையில் நின்று ஓர் உயிரியல் போட்டியின் வரலாறு

1

ஓசூரை உதிரிப் பாகங்களின் ஊர் என்று சொன்னால் அவ்வூர்க்காரர்கள் மறுக்கமாட்டார்கள். 1970களில் சிப்காட் வளாகம் அமைந்தது. 1980இல் டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்து சாலைக்கு வந்தது. அதே காலத்தில் அசோக் லேலண்டின் லாரித் தொழிற்சாலையும், அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் டாடா குழுமமும் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் கடிகாரத் தொழிற்சாலையும் வந்தன. இவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறுபட்டறைகள் தோன்றின. ஒரு பட்டறை தண்டைக் கடைந்தது. இன்னொன்று மறை வெட்டியது. மூன்றாவது பல்சக்கரம் செய்தது. செய்தவர்கள் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் அவர்கள் செய்த பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தின. இந்தப் பொருத்தத்தின் மேல்தான் ஓசூரின் நாற்பதாண்டு வாழ்வு நிற்கிறது.

பொருத்தம் தானாக வந்துவிடவில்லை. 1841இல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த்தும், 1864இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் வில்லியம் செல்லர்ஸும் திருகாணிகளின் மரை எந்தக் கோணத்தில், எந்த இடைவெளியில் இருக்கவேண்டும் என்று பொது வரையறை முன்மொழிந்தார்கள். அதுவரை ஒரு பட்டறையின் திருகாணி இன்னொரு பட்டறையின் மறைக்குள் நுழையாது. தன் திருகாணி தனக்கு மட்டுமே என்பதில் ஒவ்வொரு பட்டறைக்காரருக்கும் ஒரு லாபமும் இருந்தது. அந்தச் சிறு லாபத்தைக் கைவிட்ட பிறகே பெருந்தொழில் பிறந்தது.

செல்லர்ஸின் பெயர் சுமார் 140 ஆண்டுகள் கழித்து எதிர்பாராத ஓரிடத்தில் மீண்டும் எழுந்தது. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கணினிப் பொறியாளராக இருந்து உயிரியலுக்கு வந்தவர் டாம் நைட். மரபணுத் துண்டுகளையும் திருகாணிகளைப் போலப் பொது வரையறைக்குள் கொண்டுவரவேண்டும் என்று 2003இல் அவர் எழுதிய குறிப்பில் செல்லர்ஸை முன்னுதாரணமாகக் காட்டினார். தொகுப்பு உயிரியல் என்று நாம் இங்கு அழைக்கப்போகும் துறையின் மாணவர் போட்டி அந்த எண்ணத்திலிருந்து முளைத்தது. ஐஜெம் என்பது அதன் சுருக்கப் பெயர். உலகின் பல நாட்டு மாணவர் அணிகள் ஆண்டுதோறும் கூடும் இப்போட்டியில், அணிகள் ஒன்றையொன்று வெல்வதைக் காட்டிலும் ஒன்றுக்கொன்று உதவிய வரலாறே நம் கவனத்துக்குரியது. ஓசூர் எல்லையில் நின்று அதைப் பார்க்கும்போது நம்மைச் சுடும் ஒரு கேள்வியும் அதற்குள் இருப்பது தெரிகிறது.

2

தமிழ் படித்தவர்களுக்கு நைட்டின் யோசனையை விளக்குவது எளிது. அது ஒரு புணர்ச்சி இலக்கணம்.

மரபணு என்பது நான்கு எழுத்துகளால் ஆன நீண்ட சரம். குறிப்பிட்ட எழுத்துக்கோவையைக் கண்டால் மட்டும் அவ்விடத்தில் வெட்டும் நொதிகள் பாக்டீரியாக்களில் உண்டு. நைட் ஒவ்வொரு மரபணுத் துண்டின் முன்னும் பின்னும் வெட்டத்தக்க இரண்டிரண்டு இடங்களைச் சேர்த்தார். முன்னொட்டில் உள்ள ஓரிடமும் பின்னொட்டில் உள்ள ஓரிடமும் வெவ்வேறு நொதிகளால் வெட்டப்படுபவை. ஆனால் வெட்டியபின் மிஞ்சும் ஒட்டும் முனைகள் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே முதல் துண்டின் ஈறும் இரண்டாம் துண்டின் முதலும் சேர்ந்துகொள்ளும். சேர்ந்த இடத்தில் ஒரு தழும்பு உண்டாகிறது. அது முந்தைய இரண்டு எழுத்துக்கோவைகளில் எதுவும் அன்று. இரண்டு நொதிகளில் எதனாலும் அதை இனி வெட்ட முடியாது.

பொன்னும் குடமும் புணர்ந்து பொற்குடம் ஆகும்போது னகரம் றகரமாகத் திரிகிறது. திரிந்தபின் அச்சொல் ஒரே சொல்லாக நடக்கிறது. அதுவே மறுபடி நிலைமொழியாகவும் வருமொழியாகவும் நின்று வேறு சொற்களோடு சேரலாம். நைட்டின் துண்டுகளும் அப்படியே. இரண்டைச் சேர்த்துக் கிடைத்த புதிய துண்டுக்கும் அதே முன்னொட்டும் அதே பின்னொட்டும் இருக்கும். எனவே அதையும் முன்போலவே இன்னொன்றோடு சேர்க்கலாம். எவர் எங்கே செய்த துண்டானாலும் இவ்விதிக்குட்பட்டிருந்தால் எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம். இத்துண்டுகளுக்கு உயிர்ச்செங்கல் எனப் பொருள்படும் 'பயோபிரிக்' என்ற பெயர் அமைந்தது. அவற்றைச் சேமித்து வைக்க ஒரு பொதுப் பதிவகமும் உருவாயிற்று.

2003 ஜனவரியில் அக்கழகத்தில் நடந்த ஒரு மாத விடுமுறைப் பாடமாகத்தான் எல்லாம் தொடங்கியது. விட்டு விட்டு ஒளிரும் பாக்டீரியாவை வடிவமைப்பது மாணவர்களுக்குத் தரப்பட்ட பணி. 2004 கோடையில் ஐந்து அமெரிக்கக் கல்வி நிறுவனங்கள் பங்கேற்ற போட்டியாக அது வளர்ந்தது. அவற்றுள் ஒன்றான டெக்சஸ் பல்கலைக்கழக (ஆஸ்டின்) அணி, சான் பிரான்சிஸ்கோவில் இருந்த ஆய்வாளர்களோடு கைகோத்து, ஒளிக்கு எதிர்வினை புரியும் ஈ.கோலை பாக்டீரியாவை உண்டாக்கியது. பாக்டீரியா படர்ந்த தட்டின் மேல் ஓர் உருவத்தை ஒளியாக வீழ்த்தினால் அவ்வுருவம் புகைப்படம்போலப் பதிந்தது. 2005இல் 'நேச்சர்' இதழ் அதை வெளியிட்டது. போட்டியின் முதற்பெருஞ்சாதனையே இரண்டு ஊர்க்காரர்களின் கூட்டு வேலை என்பதைக் குறித்துக்கொள்வோம்.

2005இல் பதின்மூன்று அணிகள். கனடாவும் இங்கிலாந்தும் சுவிட்சர்லாந்தும் சேர்ந்தன. அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ நானூறு அணிகள். 2012இல் போட்டி பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து தனி அறக்கட்டளையின் கீழ் வந்தது. பாஸ்டனில் கூடிவந்த இறுதி மாநாடு, பெருந்தொற்றின் இரு ஆண்டுகள் இணையவழியே நடந்தபின், 2022 முதல் பாரிஸுக்கு இடம்பெயர்ந்தது.

3

இந்தியாவிலிருந்து முதல் அணி சென்றது 2006இல். ஓசூருக்கு நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்து மாணவர்கள் அவர்கள். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அங்கிருந்து கர்நாடகம். ஓசூரின் இளைஞர்கள் வேலைக்கும் படிப்புக்கும் நாள்தோறும் கடக்கும் எல்லை அது. அதற்கப்பால் இப்படி ஒன்று தொடங்கியதை எல்லைக்கு இப்பால் அன்று அறிந்தவர் மிகச் சிலராகவே இருந்திருப்பர். தமிழகத்திலிருந்து 2008இல் சென்னை ஐ.ஐ.டி. அணி சென்றது, பாக்டீரியா நெருக்கடிக்கு உள்ளாகும்போது விழித்துக்கொள்ளும் மரபணுத் தொடக்கிகளின் தொகுதி ஒன்றை உருவாக்கியது. பெயருக்கேற்ற பயனுள்ள உதிரிப் பாகங்கள்.

இலக்கிய வாசகர்கள் நின்று பார்க்கவேண்டியது 2009ஆம் ஆண்டின் பெங்களூர் அணியை. அவர்கள் உயிரியல் மாணவர்கள் அல்லர். சிருஷ்டி கலை, வடிவமைப்புப் பள்ளியின் மாணவர்கள். சோதனைக்குழாயைப் பிடித்துப் பழகாதவர்கள். தேசிய உயிரியல் அறிவியல் மையத்தார் அவர்களுக்கு ஆய்வுக்கூடத்தைத் திறந்துவிட்டுக் கற்றுக்கொடுத்தார்கள். அம்மாணவர்கள் தேர்ந்துகொண்ட பொருள் மழை; முதல் மழை பட்டதும் மண்ணிலிருந்து எழும் மணம்.

அம்மணத்துக்குக் காரணமான வேதிப்பொருள் ஜியோஸ்மின். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. 1964இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இருவர் மழைமணத்துக்கு 'பெட்ரிகோர்' என்ற புதுச்சொல்லைப் படைத்தார்கள். வட இந்திய அத்தர் வணிகர்கள் மண்ணைச் சுட்டு அம்மணத்தை நெடுங்காலமாக வடித்து விற்றுவருவதையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். சிருஷ்டி மாணவர்கள் ஜியோஸ்மினை உண்டாக்கும் மரபணுவை ஈ.கோலைக்குள் செலுத்தி, ஆய்வுக்கூடத் தட்டிலிருந்து மழைமணம் எழச்செய்ய முயன்றார்கள். தங்கள் வேலைக்குப் பதின்பருவ மரபணுக் கவிதைகள் எனப் பொருள்படும் தலைப்பை இட்டார்கள்.

'மண்வாசனை' என்பதை நாம் இலக்கியக் கலைச்சொல்லாகவே ஆக்கிவிட்டோம். வட்டார நாவலை மதிப்பிடும்போது தயக்கமின்றிக் கையாளும் சொல் அது. ஒரு நிலத்துக்கே உரியது, வேறெங்கும் பெயர்த்து நடமுடியாதது என்ற பொருளில் சொல்கிறோம். இம்மாணவர்களோ அதையே ஓர் உதிரிப் பாகமாக்கி, உலகில் எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று முன்வைக்கப் பார்த்தார்கள். இதைக் கேலி என்றும் கொள்ளலாம். காணிக்கை என்றும் கொள்ளலாம். நாம் இரண்டாவதையே சொல்வோம். ஏனெனில் அங்கே உண்மையில் கைமாறியது மரபணுத் துண்டு மட்டும் அன்று. ஓர் ஆய்வுக்கூடத்தின் கதவு அத்துறைக்கு வெளியே நின்றவர்களுக்குத் திறந்தது. உள்ளே சென்றவர்கள் விஞ்ஞானிகள் கேளாத கேள்வியைக் கொண்டுசென்றார்கள். அதே ஆண்டு முதற்பரிசு பெற்ற கேம்பிரிட்ஜ் அணியும், பல நிறங்களைச் சுரக்கும் பாக்டீரியாவைச் செய்தபோது, வடிவமைப்புக் கலைஞர் இருவரைத் துணைக்கொண்டது.

4

போட்டியில் உதவி எப்படி நடக்கும்? இப்போட்டியின் அமைப்பிலேயே அதற்கு விடை உண்டு. முதற்பரிசு ஒருவருக்கோ சிலருக்கோதான். ஆனால் பொன், வெள்ளி, வெண்கலப் பதக்கங்களுக்கு எண்ணிக்கை வரம்பில்லை. வரையறுத்த நிபந்தனைகளை நிறைவேற்றிய அணிகள் அனைத்துக்கும் பதக்கம் உண்டு. ஆகவே பக்கத்து அணி பொன் பெறுவதால் நம் அணிக்கு இழப்பில்லை. மற்றோர் அணிக்கு உதவுவதும் அந்நிபந்தனைகளுள் இடம்பெற்றது. 2010களின் பிற்பகுதியில் வெள்ளிப் பதக்கத்துக்குரிய நிபந்தனைகளுள் அது ஒன்று. 2020இல் நீடித்த கூட்டாண்மை பொன் பதக்கத்துக்குரிய தகுதிகளுள் ஒன்றாகச் சேர்ந்தது.

விதியாக்கிய உதவிக்கு ஒரு குறையும் உண்டு. ஒரு வினாத்தாளை நிரப்பித் தருவதும், ஒரு படத்தைப் பகிர்வதும் கூட்டு முயற்சி என்ற பெயரைப் பெற்றுவிடலாம். மொய்க்கணக்குப் பார்த்து எழுதும் கல்யாண வீட்டு நிலைமைதான். ஆனால் மொய்யை இழிவாகப் பேசுவோரும் அதனால்தான் பல வீடுகளில் கல்யாணம் நடந்தேறியது என்பதை மறக்கலாகாது. கட்டாயத்தில் தொடங்கிய பழக்கம் சில இடங்களில் உண்மையான உறவாகவும் முதிர்ந்தது.

அதற்குச் சிறந்த சான்று, 2014இல் தொடங்கிய அளவீட்டுக் கூட்டாய்வு. ஒரே ஒளிரும் பாக்டீரியாவைப் பல நாட்டு அணிகளும் தத்தம் கருவிகளால் அளந்தால் ஒரே விடை வருமா என்பதே கேள்வி. வரவில்லை. ஒவ்வொரு கருவியும் தன் மனம்போன அலகில் எண்ணைக் காட்டியது. நம் ஊர்களில் வள்ளமும் படியும் மரக்காலும் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபட்டிருந்த காலத்தை நினைத்துக்கொள்ளலாம். பத்து வள்ளம் கேழ்வரகு என்றால் எந்த ஊர் வள்ளம் என்று கேட்டாக வேண்டியிருந்தது. உயிரியலில் இது வெறும் நடைமுறைத் தொல்லை அன்று. ஒருவர் கண்டதை இன்னொருவர் சரிபார்க்க முடியாது என்றால் அது அறிவியலே ஆகாது.

2018ஆம் ஆண்டுச் சுற்றில் 244 ஆய்வுக்கூடங்கள் பங்கேற்றன. ஒரு குடுவையில் எத்தனை பாக்டீரியாக்கள் உள்ளன என்று மதிப்பிட மூன்று முறைகளை அவை ஒப்பிட்டன. பாக்டீரியாவின் அளவையொத்த நுண்ணிய சிலிக்கா மணிகளைப் படிப்படியாக நீர்த்துப்போகச் செய்து, அவற்றைக் கொண்டு கருவியைச் சீராக்கும் முறையே நம்பத்தக்கது என்று தெரிந்தது. 2020இல் அது ஆய்விதழில் வெளியானது. பட்டம்கூடப் பெறாத மாணவர்கள் உலகெங்கும் ஒரே வாரங்களில் ஒரே சோதனையைச் செய்து, தொழில்முறை ஆய்வாளர்களுக்கும் பயன்படும் அளவுகோலை உண்டாக்கினார்கள். பெருஞ்செல்வமுடைய ஆய்வுக்கூடம் எதுவும் தனியாக இதைச் செய்திருக்க முடியாது. இதன் வலிமையே எண்ணிக்கையில், பரவலில் இருந்தது.

நைட் வகுத்த வெட்டி ஒட்டும் முறை இன்று பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. 2009இல் வந்த கிப்சன் முறை போன்றவை தழும்பில்லாமலே துண்டுகளை இணைக்கின்றன. வேண்டிய வரிசையை எழுதியனுப்பினால் மரபணுவைச் செய்து அஞ்சலில் தரும் நிறுவனங்களும் உண்டு. திருகாணி பழசாயிற்று. ஆனால் அதைச் சாக்கிட்டு உருவான பகிரும் வழக்கம் பழசாகவில்லை. வரலாற்றில் இது அடிக்கடி நிகழ்வது.

5

சொல்லும் ஓர் உதிரிப் பாகமே. இதை ஓசூர் மண்ணில் பிறந்த ஒருவர் நூறாண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தார். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராஜாஜி, ஓசூர்ப் பள்ளியில் படித்து, அதே எல்லையைக் கடந்து பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிக்குச் சென்றவர். 1916இல் அவர் சேலத்தில் வழக்கறிஞராக இருந்தபோது அறிவியல் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கத்தைத் தோற்றுவித்தார். தாவரவியல், வேதியியல், இயற்பியல், வானியல், கணிதம் ஆகியவற்றுக்குத் தமிழ்ச் சொற்களை ஆக்குவது அதன் பணி. பின்னாளில் 'திண்ணை ரசாயனம்' என்ற நூலையும் எழுதினார். அவருக்கு முன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலேயே, சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்து நூல்களையும் ஆக்கினார். இராஜாஜியின் அரசியலோடு நமக்கு எத்தனை முரண்பாடுகள் இருப்பினும், ஒரு கலைச்சொல் எல்லோருக்கும் பொதுவாய், ஒரே வடிவினதாய், எங்கும் பொருந்துவதாய் இருக்கவேண்டும் என்ற அவருடைய எண்ணம் செல்லர்ஸின் திருகாணி எண்ணத்துக்கு உடன்பிறப்பு. அவர் எதிர்கொண்ட தடையும் அதுவே: ஒவ்வொருவரும் தத்தம் சொல்லையே பிடித்துக்கொண்டிருத்தல்.

2010களின் பிற்பகுதியில் சென்னை ஐ.ஐ.டி. மாணவர் அணி, பிற அணிகளின் துணையோடு, தொகுப்பு உயிரியலின் அடிப்படைகளை விளக்கும் காணொளிகளைப் பல மொழிகளில் ஆக்கும் பணியில் இறங்கியது. ஒருவர் உரையை எழுத, அவரவர் மொழிக்காரர் அதைத் தம் மொழியில் சொல்லினர். அளவீட்டுக் கூட்டாய்வைக் காட்டிலும் இது சிறிய செயல். ஆயினும் ஓசூர்க்காரர்களுக்கு இதுவே அண்மையது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் ஊர் அது. அங்குள்ள மளிகைக் கடைக்காரர் மூன்று மொழியிலும் கணக்குச் சொல்வார். மரபணு என்ற சொல்லை மட்டும் மூன்றிலும் சொல்லும் வாய்ப்பு அவர் பிள்ளைக்குக் கிட்டுவதில்லை. சிந்தடிக் பயாலஜிக்குத் தமிழில் செயற்கை உயிரியல் என்பாரும் உளர். தொகுப்பு உயிரியல் என்பாரும் உளர். செயற்கை என்றதும் போலி என்ற நிழல் விழுந்துவிடுகிறது. ஆகவே நாம் இரண்டாவதைக் கொண்டோம். இது முடிந்த முடிவன்று. முடிவு செய்யும் சங்கம் ஒன்று இன்று இல்லை என்பதே குறை.

6

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட கேள்விக்கு வருவோம். இந்தக் கொடுக்கல் வாங்கலில் யார் யார் இருக்கிறார்கள்?

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் பாறைநிலத்தில், ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு மிகுதி. குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு நீரில்லையேல் அதிகபட்சம் ஒன்றரை என்பது இந்தியத் தரவரையறை. அதை மிஞ்சிய நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பற்களில் பழுப்புக்கறை படிந்தது. பலருக்கு மூப்பில் எலும்புகள் இறுகின. இதைத் தீர்க்க ஒகேனக்கலிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு தொடங்கியது. 2008இல் கர்நாடகத்தில் அதற்கு எதிர்ப்பு எழுந்து எல்லை கொதித்தது. 2013இல் திட்டம் செயல்படத் தொடங்கியது. நீர் பகிரும் இடத்தில் எல்லை எவ்வளவு கூர்மையாக வெட்டும் என்பதை இப்பகுதி மக்கள் அறிவர்.

2012இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ரொனால்டு பிரேக்கரின் ஆய்வுக்குழு, புளோரைடை உணர்ந்து மரபணுவைத் திறந்துவிடும் ஆர்.என்.ஏ. திறப்பான் பாக்டீரியாக்களில் இயற்கையாகவே உள்ளதைக் கண்டறிந்தது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அத்திறப்பானை உயிரணுவிலிருந்து பிரித்து, உலர்த்திய கலவையாக்கினார்கள். அதில் சோதிக்கவேண்டிய நீரை ஊற்றினால் புளோரைடு மிகுந்திருப்பதை நிறமாற்றம் காட்டும். கோஸ்டா ரிக்காவில் கள நீரைக்கொண்டு சோதித்து 2020இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இது மாணவர் போட்டியில் விளைந்ததன்று. ஆனால் அதே உதிரிப் பாகச் சிந்தனையில் விளைந்தது. புளோரைடை அறிய வேதியியல் சோதனைப் பெட்டிகள் முன்பே உள்ளன என்பதும் உண்மை. ஆயினும் ஒன்று உறுத்துகிறது. கோஸ்டா ரிக்காவின் எரிமலைச் சரிவு நீர் சோதனைக்குள் வந்தது. பற்களில் அதன் கையெழுத்தைச் சுமக்கும் நம் மாவட்டங்களிலிருந்து இக்கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்பட்டிருக்க வேண்டிய மாணவர் அணி எங்கே?

2006இல் எடின்பரோ அணி வங்கதேசத்து நீரின் ஆர்சனிக்கை அறியும் பாக்டீரியாவை வடிவமைத்தது. நல்லெண்ணத்தின் விளைவு, பாராட்டத் தக்கது. ஆனால் நோயுள்ள ஊரின் கேள்வியை நோயில்லாத ஊர் கேட்கும் நிலை அது. அணியின் பதிவுக் கட்டணம் மட்டுமே அண்மை ஆண்டுகளில் ஐயாயிரம் டாலரைத் தாண்டியிருக்கிறது. அதன்மேல் வேதிப்பொருள்கள், பயணம், விசா. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை சில ஆண்டுகள் இந்திய அணிகளைத் தேர்ந்து நிதியளித்தது. அப்போதும் அந்நிதிக்கு விண்ணப்பிக்கும் நிலையில் ஓர் ஆய்வுக்கூடம் தேவை. ஊத்தங்கரையிலோ தேன்கனிக்கோட்டையிலோ படிக்கும் மாணவிக்கு அது எட்டாத கிளை.

ஆகவே பொதுப் பதிவகம் திறந்திருக்கிறது என்பது மட்டும் போதாது. செல்லர்ஸின் திருகாணி ஓசூருக்கு வந்து சேர நூறாண்டுக்கு மேலாயிற்று. வந்தபின் ஒரு தலைமுறைக்குள் ஓசூர் அதைத் தனதாக்கிக்கொண்டது. கைத்திறன் இங்கு இல்லாமல் இல்லை. இதே ஓசூரில் மத்தியப் பட்டு மரபுவள மையம் இருக்கிறது. நாட்டின் பட்டுப்புழு இனங்களையும் மல்பெரி வகைகளையும் தலைமுறை தலைமுறையாக உயிரோடு காத்து, ஆய்வாளர்களுக்கு வழங்கிவருகிறது. உயிரின் பாகங்களைச் சேமித்துப் பகிரும் பதிவகம் இங்கேயே, தளி சாலையிலேயே உண்டு. கலைக்கல்லூரி மாணவர்களுக்குக் கதவைத் திறந்த பெங்களூர் ஆய்வுக்கூடமும் ஒரு பேருந்துப் பயணத் தொலைவில்தான் இருக்கிறது.

இருப்பவற்றை இணைப்பதே எஞ்சியிருக்கும் வேலை. புணர்ச்சிக்கு நிலைமொழி மட்டும் போதாது, வருமொழியும் வேண்டும். உலகம் நிலைமொழியாகப் பலகாலமாக நின்றுகொண்டிருக்கிறது. இப்பக்கத்திலிருந்து ஒரு சொல் புறப்பட்டுப் போகவேண்டும். அச்சொல் தன் ஊர்த் தண்ணீரைப் பற்றியதாக இருக்குமானால், அதைச் சொல்லும் உரிமை கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்கே முதலில் உண்டு.